பெயரிழந்த படங்கள்

பழைய நிழற்படமொன்று கைக்கு வந்தால் நம் மூத்தோர் அதனை முதலிற் புரட்டிப் பார்ப்பர். முகங்கள் முன்புறத்தில் இருக்கின்றன. அவை யாருடைய முகங்கள் என்னும் செய்தி பின்புறத்திலே இருக்கின்றது. படம் பிடித்த நிலையத்தின் இறப்பர் முத்திரை, படச்சுருளின் இலக்கம், பேனா மையினால் எழுதிய ஒரு திகதி, இடமிருந்து வலமாக நிற்போர் பெயர் ஆகிய இவ்வளவும் அந்தச் சிறிய அட்டையின் முதுகிலே அடங்கிவிடும். மை மங்கியிருக்கலாம், எழுத்துப் பிழையும் இருக்கலாம். ஆயினும் படமும் குறிப்பும் ஒரே அட்டையின் இரு பக்கங்களாதலால், ஒன்றை எடுத்துச் சென்றவர் மற்றொன்றையும் உடன் எடுத்துச் சென்றார்.

கமராவும் கைபேசியும் இன்று எடுக்கும் படங்களுக்கு அத்தகைய முதுகு கிடையாது. அதற்குப் பதிலாகப் படக்கோப்பின் உள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியில், குறிப்புகளை எழுதிவைக்கும் முறை உண்டு. கணினித் துறையார் இதனை மெட்டாடேட்டா என்பர். இப்பேச்சில் நாம் இதனை உட்குறிப்பு என்றே வழங்குவோம். படம் எடுத்த நாள், நேரம், கமராவின் பெயர், கைபேசியாயின் நின்ற இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவற்றைக் கருவி தானே எழுதிக்கொள்ளும். யப்பானிய மின்னணுத் தொழிலார் 1995 ஆம் ஆண்டில் வகுத்த எக்சிஃப் என்னும் முறை இதற்கு உரியது. படத்தில் உள்ளவர் யார், நிகழ்ச்சி யாது, ஊர் யாது என்பவற்றையோ மனிதர்தாம் எழுத வேண்டும். இதற்குப் பத்திரிகை உலகம் தனக்கென வகுத்துக்கொண்ட ஐ.பி.டி.சி. முறையும், அடோபி நிறுவனம் 2001 இல் வெளியிட்ட எக்ஸ்.எம்.பி. முறையும் பயன்படுகின்றன. இம்மூன்று பெயர்களும் பின்னரும் வருமாதலால், நேயர்கள் அவற்றை ஒருவாறு நினைவில் வைத்தாற் போதும்.

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்னும் கரையோர ஊர்களில் வாழ்வோருக்கு இது வெறும் பொழுதுபோக்குச் சங்கதியன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினத்தன்று கடல் ஊருக்குள் வந்தது. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டத்திலும் இத்துணைப் பெரிய உயிரிழப்பு நேரவில்லை. கரையை அடுத்த வீடுகளில் அலுமாரியோடு அல்பங்களும் போயின. கலியாணப் படமும், பாடசாலைக் குழுப் படமும், வாப்பா ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட நாளிற் பிடித்த படமும் ஈரமணலிலே கிடந்து உருக்குலைந்தன. ஆகையால் இக்குடும்பங்களுக்கு எஞ்சியவை பெரும்பாலும் பிறர் வீட்டிலிருந்த பிரதிகளே. உள்ளூரிலே சற்று மேற்கே குடியிருந்த உறவினர், கத்தாரிலும் சவூதியிலும் தொழில் பார்த்த பிள்ளைகள், கொழும்பிலே படித்துக்கொண்டிருந்த தம்பிமார் ஆகியோரிடமிருந்து அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவற்றைப் பிரதிசெய்து கணினியில் ஏற்றி, உள்ளவர்களை இனங்கண்டு பெயரெழுதும் பணி பல வீடுகளிலும் சில பாடசாலைகளிலும் நடைபெற்றுள்ளது, இன்னும் நடைபெறுகின்றது. அவ்வாறு இனங்காட்ட வல்லவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். ஒருமுறை கேட்டு எழுதிய பெயரை மறுமுறையும் கேட்டுக்கொள்ளலாம் என்பதற்கு எவரும் பொறுப்பேற்க இயலாது.

இத்தகைய படங்களைத்தான் ஒருநாள் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகின்றோம். படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளிலே ‘ஏற்றுமதி’ என்று ஒரு கட்டளை உண்டு. அதனை அழுத்திப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றி, புதிய கணினியில் திறந்து பார்த்தால், படம் இருக்கின்றது, பெயர் இல்லை. அல்லது பெயர் இருக்கின்றது. திகதி நேற்றைய திகதியாக இருக்கின்றது. பலரும் பென் டிரைவைக் குறை கூறுவர்; சிலர் வைரசைக் குறை கூறுவர். காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளது.

மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை அறியாதார் நம்முள் இலர். சாரத்தின் ஓரத்திலே அடையாளச் சீட்டைத் தைத்துவிட்டால், அது எந்தச் சந்தைக்குப் போனாலும் சீட்டும் உடன் போகும். கடைக்காரர் அவ்வாறு செய்யாமல், “மூன்றாம் தட்டில் ஐந்தாவது சாரம் இன்னாருடைய தறியில் நெய்தது” என்று தம் கணக்குப் புத்தகத்தில் மட்டும் எழுதிவைத்தார் எனக் கொள்வோம். கடைக்குள் இருக்கும்வரை குறையொன்றும் தெரியாது. கேட்டவுடன் புத்தகத்தைப் பார்த்துப் பதிலும் கூறுவார். சாரத்தைக் கட்டி வெளியூருக்கு அனுப்பும் நாளிலேதான், நெய்தவர் பெயர் சாரத்தில் இல்லையென்பது வெளிப்படும். படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்களிற் பல இந்தக் கடைக்காரரைப் போன்றவை. நாம் எழுதும் பெயரையும் விளக்கத்தையும் அவை படக்கோப்பினுள் எழுதுவதில்லை. தமக்கென வைத்துள்ள பதிவேட்டில் எழுதுகின்றன. இதற்கு நியாயமும் உண்டு. மூலப்படத்தைத் தொடாமல் வைத்திருப்பது பாதுகாப்பானது. ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திறந்து பார்ப்பதினும் ஒரே பதிவேட்டைத் தேடுவது விரைவானது. ஆனால் அப்பதிவேடு ஒன்று உண்டு என்பதை அறியாதவர் அதனைக் கூடவே எடுத்துச் செல்வதெங்ஙனம்?

அடோபியின் லைட்ரூம் அவ்வாறானது. அதிலே எழுதும் விளக்கமும் குறிச்சொற்களும் முதலில் அதன் பதிவேட்டையே சேர்கின்றன. கோப்பிலும் எழுதவேண்டுமாயின், படங்களைத் தெரிவுசெய்து கொன்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்த வேண்டும். அல்லது மாற்றங்களைத் தானாகவே கோப்பில் எழுதும் வசதியை அமைப்புகளிற் சென்று இயக்கிவைக்க வேண்டும். டிஜிகாம் என்னும் இலவச மென்பொருளும் தனக்கொரு பதிவேடு வைத்திருக்கின்றது. எதனைக் கோப்பில் எழுதுவது, எதனைப் பதிவேட்டில் மட்டும் வைப்பது என்பதை அதன் அமைப்புப் பக்கத்திலே நாம் தீர்மானிக்கலாம். கூகுள் போட்டோசில் உள்ள படங்களை டேக்அவுட் என்னும் சேவை வழியாக இறக்கிக்கொள்வோர், ஒவ்வொரு படத்துடனும் ஜேசன் என்ற பின்னொட்டுடைய சிறு எழுத்துக் கோப்பொன்றும் வருவதைக் காண்பர். நாம் அங்கே எழுதிய விளக்கமும் திருத்திய திகதியும் படத்தினுள் அன்றி இச்சிறு கோப்பிலேயே உள்ளன. அவற்றைக் குப்பையென எண்ணி அழித்து இடத்தை மிச்சப்படுத்துவோர் உளர்; அழிவது அவர்களே பல இரவு விழித்திருந்து எழுதியது.

இவற்றுள் நம் பகுதியில் மிகுதியாகப் புழங்கியது பிக்காசா. இலவசமாகக் கிடைத்ததும், பழைய கணினியிலும் ஓடியதுமே அதற்குக் காரணம். கூகுள் நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டது. அதன் இயல்பை விளக்க, நம் கரையோரப் பாடசாலையொன்றில் நேர்ந்ததைக் கூறலாம். பழைய மாணவர் படங்கள் சில நூற்றினை அங்கே பிக்காசாவில் ஏற்றி, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையை அழைத்து, திரையிலே ஒவ்வொரு முகமாகக் காட்டிப் பெயர் கேட்டார்கள். இளம் ஆசிரியர் ஒருவர் பக்கத்திலிருந்து தட்டெழுதினார். “இவ எங்கட சாச்சிட மகள். மற்றவ ஆரெண்டு மறந்திட்டன், கொஞ்சம் பொறுங்க மகன், வரும்” என்று அம்மூதாட்டி கூறிக் கண்ணை மூடிக்கொண்டிருப்பாராம், சற்று நேரத்தில் பெயரும் வந்துவிடுமாம். ஆண்டுகள் சென்றன. சுனாமியின் இருபதாம் ஆண்டு நினைவையொட்டி, 2024 இல், அப்படங்களைப் புதிய கணினிக்கு மாற்றினார்கள். படத்தின் கீழ் எழுதிய விளக்கங்கள் வந்தன. முகங்களுக்கு இட்ட பெயர் ஒன்றேனும் வரவில்லை. பெயர் சொன்னவரோ அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார்.

பிக்காசா விளக்கத்தைப் படக்கோப்பினுள்ளேயே எழுதியது. முகத்தின் பெயரை அவ்வாறு எழுதவில்லை. ஒவ்வொரு கோப்புறையிலும் பிக்காசா டொட் ஐ.என்.ஐ. என்று மறைவான கோப்பு ஒன்றை வைத்து, படத்தின் இன்ன பகுதியில் ஒரு முகம் உண்டு, அது இன்ன இலக்கத்துக்குரியவர் என்று அதிலே குறித்தது. அந்த இலக்கத்துக்குரியவர் பெயர் யாதென்பது அதே கணினியில் முற்றிலும் வேறோர் இடத்தில், கொண்டாக்ட்ஸ் என்னும் கோப்பிலே இருந்தது. கோப்புறையைப் பிரதிசெய்தவர் இலக்கத்தைக் கொண்டுவந்தார். பெயர்ப்பட்டியல் பழைய கணினியிலேயே நின்றுவிட்டது. பெயர்களைப் படத்தினுள் எழுதுவதற்கு ஒரு தெரிவு பிக்காசாவின் பிற்காலப் பதிப்பில் இருந்தது. அதனை இயக்கியவர் சிலரே. அப்பாடசாலையின் அதிர்ஷ்டம், பழைய கணினி விற்கப்படாமல் களஞ்சிய அறையில் உடைந்த கதிரைகளுக்கிடையே கிடந்தது. அதனை இயக்கிப் பட்டியலை எடுத்தபோது பெயர்கள் அனைத்தும் கிடைத்தன.

இனி, பெயர் கோப்பினுள்ளேயே இருந்தும் ஏற்றுமதியின்போது நீங்கிவிடும் சந்தர்ப்பங்கள் உள்ளன. ஏற்றுமதிக் கட்டளையை அழுத்தியதும் தோன்றும் சாளரத்தில் படத்தின் அளவையும் தரத்தையும் மட்டும் பார்த்துவிட்டு நாம் ‘சரி’ என்று அழுத்திவிடுகின்றோம். அதன் கீழே உட்குறிப்புக்கென ஒரு பகுதி உண்டு. லைட்ரூமிலே அது ‘கொப்பிரைட் ஒன்லி’ என்று நின்றால் உரிமையாளர் பெயரைத் தவிர ஏனைய யாவும் உதிர்ந்துவிடும். ‘ஆல் மெட்டாடேட்டா’ என்றிருக்க வேண்டும். அவ்வாறிருந்தும், ஆட்களின் பெயரை நீக்குக, இடத்தை நீக்குக என்னும் இரு சிறு கட்டங்கள் அருகே உள்ளன. அவற்றில் அடையாளம் இருப்பின் பெயரும் இடமும் போகும். அப்பிள் கணினியின் போட்டோஸ் மென்பொருளிலும் தலைப்பு, குறிச்சொல், விளக்கம் ஆகியவற்றுக்கு ஒரு கட்டமும் இடத்துக்கு ஒரு கட்டமும் உண்டு. அவற்றில் அடையாளமிட்டாலன்றி அவை கூடவரா. படத்தைப் பி.என்.ஜி. வகையாக மாற்றுவோருக்கும் இத்தகைய இழப்பு நேரலாம். அவ்வகைக்கு எக்சிஃப் குறிப்பை வைக்க முறையான இடமே 2017 இல்தான் வகுக்கப்பட்டது. ஸ்டூடியோவிற் கொடுத்துப் பெறும் படங்களுக்கு ஜேபெக் வகையே போதுமானது.

இடத்தை நீக்கும் அவ்வசதி தீயதன்று. பெண்பிள்ளைகளின் பரிசளிப்பு விழாப் படத்தை ஊரார் பார்வைக்கு அனுப்பும்போது, வீட்டின் அகலாங்கும் நெட்டாங்கும் அதனுள் இருப்பதை எந்த உம்மாவும் விரும்பமாட்டார். நான் கூறுவது இவ்வளவே: பிறருக்கு அனுப்பும் பிரதி வேறு, காத்துவைக்கும் பிரதி வேறு. இரண்டுக்கும் ஒரே அமைப்பைப் பயன்படுத்துவோரே பின்னர் வருந்துகின்றனர்.

தமிழில் எழுதுவோருக்கு வேறு ஓர் இடர் உண்டு. ஆங்கில நூல்களில் இதற்குத் தீர்வு தேடிப் பயனில்லை. இலங்கையில் நெடுங்காலம் நாம் தட்டெழுதியது பாமினி என்னும் எழுத்துருவில். கணினியின் உள்ளே அது தமிழன்று. ஆங்கில விசைகளுக்குத் தமிழ் வடிவம் அணிவித்த கோலம். ‘அம்மா’ என்று நாம் காண்பதைக் கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே வைத்திருக்கின்றது. ஒரு மென்பொருளிலே பாமினியில் எழுதிய விளக்கத்தை வேறொன்றில் திறந்தால் இந்த ஆங்கிலக் குறிகளே தெரியும். எழுதியவை அழிந்துவிட்டனவோ என அஞ்சுவோம். அழியவில்லை, பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் கிடைக்கின்றன, அவற்றில் இட்டால் தமிழ் மீளும். ஆனால் குறிச்சொற்களில் இதனினும் கொடிய விளைவுண்டு. பல மென்பொருள்கள் ஒரு குறிச்சொல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே எல்லையாகக் கொள்வது கால்புள்ளியை அல்லது அரைப்புள்ளியை. பாமினியிலே ‘இ’ என்னும் உயிரெழுத்துக்குரிய விசை கால்புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய விசை அரைப்புள்ளி. ‘இலங்கை’ என்று எழுதினால் முதலெழுத்திலே ஒரு வெட்டு, ‘ங்’ கழிந்தவுடன் மற்றொரு வெட்டு. நம் நாட்டின் பெயரே துண்டுகளாகப் பட்டியலிற் கிடக்கும். ஆகவே பழைய விளக்கங்களை ஏற்றுமதிக்கு முன்னரே யூனிகோட்டுக்கு மாற்றிவிடுதல் நன்று.

யூனிகோட்டில் எழுதியவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐ.பி.டி.சி.யின் பழைய முறை ஆங்கிலத்தை மனத்திற் கொண்டு அளவு வகுத்தது. ஊர்ப்பெயருக்கு 32 பைட், குறிச்சொல் ஒன்றுக்கு 64 பைட், விளக்கத்துக்கு 2000 பைட் என்பன அதன் வரம்புகள். ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோட்டின் வழக்கமான சேமிப்பு முறையில் தமிழெழுத்தொன்றுக்கு மூன்று பைட் வேண்டும். அன்றியும் உயிர்மெய்க்குறியும் புள்ளியும் தனித்தனி எழுத்தாகவே எண்ணப்படும். கல்முனை என்பதற்கு 21 பைட், தப்பிவிடும். நிந்தவூருக்கு 27, அதுவும் தப்பும். சாய்ந்தமருதுக்கு 36 வேண்டும். எனவே வரம்பைக் கண்டிப்பாகப் பின்பற்றும் மென்பொருள் ‘சாய்ந்தமரு’ என்று வெட்டிவிடும். அக்கரைப்பற்றும் அட்டாளைச்சேனையும் 39 பைட் பெறுவனவாதலால் அவையும் தப்பா. ‘மருதமுனை அல்மனார் மத்திய கல்லூரி’ என்று ஒரே குறிச்சொல்லாக எழுதினால் 90 பைட் ஆகும். 64 இல் வெட்டினால் ‘மத்திய’ என்பதன் நடுவே அறுந்துபோகும். எக்ஸ்.எம்.பி. முறையிலோ இவ்வரம்பு இல்லை. அதனால் ஒரு மென்பொருளிலே முழுப்பெயரும் மற்றொன்றிலே பாதிப்பெயரும் தெரிவதுண்டு, முன்னையது எக்ஸ்.எம்.பி.யைப் படிக்கின்றது, பின்னையது ஐ.பி.டி.சி.யைப் படிக்கின்றது. பாதிப்பெயர் தெரிந்தால் உடனே திருத்தி எழுதத் தொடங்காது, மற்ற இடத்தில் முழுமையாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். எழுத்துகளுக்குப் பதிலாக வினாக்குறிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தாலும் இதே சோதனையைச் செய்யலாம், பழைய ஐ.பி.டி.சி. பகுதியில் எழுத்துமுறை யாதெனக் குறிக்கப்படாமையே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

இனித் திகதிக்கும் நேரத்துக்கும் வருவோம். கோப்புக்கு ஒரு திகதி உண்டு. படத்துக்கு ஒரு திகதி உண்டு. ஏற்றுமதி செய்யும்போது புதிய கோப்பொன்று பிறக்கின்றதாதலால் கோப்பின் திகதி இன்றையதாகிவிடும். படம் எடுத்த திகதி எக்சிஃப் குறிப்பிலே தனியே உள்ளது. திரையில் நேற்றைய திகதி தெரிவதைக் கண்டு கலங்குவோர் இவ்விரண்டுள் எது தெரிகின்றது என்று முதலில் நோக்க வேண்டும். ஸ்கேன் செய்த படங்களிலே நிலை வேறு. 1978 நவம்பர் சூறாவளிக்குப் பின் எடுத்த படத்தை 2019 இல் ஸ்கேன் செய்தால், கருவி 2019 என்றே எழுதும். அதற்கு வேறொன்றும் தெரியாது. உண்மைத் திகதியை நாமே எழுதியாக வேண்டும். வட்ஸ்அப் வழியாக வந்த படத்தின் கோப்புப் பெயரிலே காணும் திகதியும் அத்தகையதே: அது படம் அனுப்பப்பட்ட நாளைக் காட்டுமேயன்றி எடுத்த நாளைக் காட்டாது. வட்ஸ்அப்பிலே படமாக அனுப்பினால் உட்குறிப்பும் நீங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போகும். கத்தாரிலிருந்து காக்காவோ மச்சானோ பழைய படம் அனுப்புவதாயின் இதனை முன்கூட்டியே சொல்லிவைத்தல் வேண்டும்.

நேரத்தின் சங்கதி சற்று நுட்பமானது. சுனாமி நாளின் படங்களைப் பொறுத்தவரை முக்கியமானதுமாகும். இலங்கையின் கடிகாரம் எப்போதும் இன்றிருப்பது போல் இருந்ததில்லை. 1996 மே மாதத்தில் அது உலக நேரத்திலும் ஆறரை மணி முந்தியதாக முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறு மணியாக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15 இல் மீண்டும் ஐந்தரை மணிக்கு வந்தது. ஆகவே 2004 டிசம்பர் 26 அன்று நம் சுவர்க்கடிகாரம் உலக நேரத்திலும் ஆறு மணி முந்தியிருந்தது. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது இங்கே காலை 6.59. கடல் இக்கரையை அடைந்தது ஏறத்தாழ ஒன்பது மணிக்கு. அன்று காலை 8.40 க்கு ஒருவர் தம் வீட்டு முற்றத்திலே கமராவினால் ஒரு படம் எடுத்தார் என வைத்துக்கொள்வோம். எக்சிஃப் குறிப்பு 8.40 என்று மட்டும் எழுதும். அது எந்நாட்டுக் கடிகாரம், உலக நேரத்தினின்று எத்தனை மணி வேறுபட்டது என்பதை எழுதாது. அதற்கான இடம் எக்சிஃப் முறையில் 2016 ஆம் ஆண்டிலேதான் சேர்க்கப்பட்டது. பின்னாளில் ஒரு மென்பொருள், இலங்கையின் வேறுபாடு ஐந்தரை மணியென இன்றைய கணக்கைக் கொண்டு அதனை உலக நேரமாக்கி 3.10 என எழுதுகின்றது. அதைப் பெற்ற மற்றொரு மென்பொருள், 2004 இல் இலங்கை ஆறு மணிக் கணக்கில் இருந்தது என்பதைச் சரியாக அறிந்திருக்கின்றது, ஆகையால் 9.10 என்று காட்டுகின்றது. ஒவ்வொன்றும் தன்னளவில் ஒழுங்காகவே நடந்துகொண்டது. எனினும், அலை வருமுன் எடுத்த படம் அலை வந்தபின் எடுத்ததாகிவிட்டது. அப்படத்தில் நிற்பவர் ஒருவர் பின்னர் காணாமற் போனவராயின், இந்த அரை மணியின் பெறுமதியை அவருடைய வீட்டாரிடம் கேட்க வேண்டும்.

இதனை உணர்ந்தோர் 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரையான படங்களை ஏற்றுமதி செய்யுமுன், கமரா காட்டிய நேரத்தை விளக்கத்திலேயே ‘அக்கால இலங்கை நேரம் காலை 8.40’ என்று எழுத்தினால் எழுதிவைப்பர். விளக்கத்தில் எழுதியதை எந்த மென்பொருளும் கணக்கிட்டு மாற்றாது. பழைய சுருள் கமராக்களிற் சில, படத்தின் மூலையிலே செம்மஞ்சள் நிற இலக்கத்தில் திகதியைப் பதித்தன. அழகைக் கெடுக்கின்றதென்று அந்நாளில் அதனை இகழ்ந்தோம். கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருந்த படங்களில் இன்று அதுவே ஐயத்துக்கிடமற்ற சான்றாக நிற்கின்றது.

உட்குறிப்பு எங்கே தொலைந்தது என்று அறிவதற்கு மூன்று இடங்களில் பார்த்தாற் போதும். விண்டோஸ் கணினியாயின் படக்கோப்பின்மேல் வலப் பொத்தானை அழுத்தி ‘புரொப்பர்ட்டீஸ்’ என்பதைத் திறந்து, அதிலே ‘டீட்டெய்ல்ஸ்’ என்னும் பக்கத்தைப் பார்க்கலாம். முதலில் மூலப்படத்தைப் பாருங்கள். அதிலேயே பெயர் இல்லையாயின், பெயர் பதிவேட்டில் மட்டும் உள்ளது. மென்பொருளுக்குத் திரும்பிச் சென்று கோப்பில் எழுதச் செய்ய வேண்டும். மூலத்தில் உண்டு, ஏற்றுமதி செய்த பிரதியில் இல்லை என்றால், குறை ஏற்றுமதிச் சாளரத்தின் தெரிவுகளில் உள்ளது. பிரதியிலும் உண்டு, பெற்றவரிடம் போய்ச் சேர்ந்ததில் இல்லை என்றால் வழியிலே உதிர்ந்தது. அனுப்பிய முறையை மாற்ற வேண்டும். இந்த ஒழுங்கைக் கைக்கொள்ளாது கண்டவாறு அமைப்புகளை மாற்றிப் பார்ப்பது, தலைவலிக்கு வயிற்று மருந்து குடிப்பதை ஒக்கும்.

குறிப்புகள் அனைத்தையும், மறைந்திருப்பவை உட்பட, விரித்துக் காட்டுவதற்கு எக்சிஃப்டூல் என்னும் கருவி மிகச் சிறந்தது. கனடாவைச் சேர்ந்த பில் ஹார்வி என்பவர் ஆக்கி இலவசமாக வழங்கிவருவது. இது பொத்தான்களும் படங்களும் உடையதன்று. கட்டளையைத் தட்டெழுத வேண்டும். ஆதலால் முதியோர் சற்றுத் தயங்குவர். உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளையொன்றை அருகே இருத்திக்கொண்டால் ஒரு பிற்பகலில் கைவந்துவிடும். ஒரு கோப்பிலுள்ள குறிப்புகள் யாவற்றையும் மற்றொரு கோப்புக்கு அதனால் மாற்றலாம். எனவே ஏற்றுமதியில் பெயரிழந்த பிரதிகளுக்கு மூலப்படத்திலிருந்து பெயரை மீண்டும் ஊட்டலாம். கூகுளிலிருந்து வந்த ஜேசன் கோப்புகளிலுள்ளவற்றையும் படத்தினுள் சேர்க்கலாம். படத்தின் பெயர் மிக நீண்டதாயின் படமும் ஜேசன் கோப்பும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போவதுண்டு. அவற்றைக் கண்ணாற் பார்த்தே சேர்க்க வேண்டியிருக்கும். எக்சிஃப்டூல் ஒரு கோப்பை மாற்றுமுன் பழையதை வேறு பெயரில் வைத்துவிடுமாதலால் அஞ்ச வேண்டியதில்லை.

முழுத் தொகுதியையும் மாற்றப் புகுமுன் ஒரேயொரு படத்தைக் கொண்டு ஒத்திகை பாருங்கள். அந்த ஒன்றை ஆராய்ந்து தெரிதல் வேண்டும். கமராவில் எடுத்து, எக்சிஃப் நேரம் அமைந்த 2006 க்கு முந்திய படமாக அது இருக்கட்டும். ஊர்ப்பெயர் சாய்ந்தமருது அல்லது அக்கரைப்பற்று போல நீண்டதாக இருக்கட்டும். முகத்துக்கு இட்ட பெயர் ஒன்றேனும் அதிலே இருக்கட்டும். அதனை ஏற்றுமதி செய்து, அனுப்ப நினைத்த வழியிலேயே அனுப்பி, பெறுபவருடைய கணினியிலே வேறொரு மென்பொருளிற் திறக்கச் செய்து, பெயரும் ஊரும் நேரமும் மூலத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று தொலைபேசியிலே ஒவ்வொன்றாகக் கேட்டு ஒப்பிடுங்கள். ஒத்திருப்பின் எஞ்சியவற்றையும் அதே முறையில் மாற்றலாம். பழைய கணினியை விற்கும் எண்ணமுடையோர் அதன் பின்னர் விற்கலாம்.